படகு டிரெய்லரின் ஹைட்ராலிக் பிரேக் சூடேறினால்: காரணத்தைப் படிப்படியாகத் தேடும் முறை

தாஹோ ஏரியில் இரண்டு நாள் படகோட்டிவிட்டு, இன்டர்ஸ்டேட் 80 நெடுஞ்சாலை வழியாகக் கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ நகரை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில், என் படகு டிரெய்லரின் வலது பின்சக்கரத்திலிருந்து மெல்லிய நீலப் புகை எழுவதைப் பக்கக் கண்ணாடியில் கண்டேன். ஓரங்கட்டி இறங்கியதும் லைனர் தீய்ந்த நாற்றம் மூக்கைத் துளைத்தது. மலை இறக்கத்தில் பிரேக் சூடாவது இயல்புதானே என்று எண்ணி, ஆறவிட்டு வீடு வந்து சேர்ந்தேன். ஆனால் அடுத்த வாரம், மேடு பள்ளமே இல்லாத டெல்டா பகுதிச் சாலையில் போனபோதும் அதே நாற்றம் வந்தது. அதன் காரணத்தைக் கண்டுபிடிப்பதற்குள் மூன்று பயணங்கள் பாழாயின. சக்கரத்தில் டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் பாகங்களான கேலிப்பர்களில் இரண்டைத் தேவையே இல்லாமல் மாற்றினேன். வரிசையாகத் தேடியிருந்தால் ஒரே பிற்பகலில் முடிந்திருக்கும் வேலை அது. அந்த வரிசையைத்தான், முதன்முதலாகப் படகும் டிரெய்லரும் வாங்கியிருப்பவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

கலிபோர்னியாவில் 3,000 பவுண்டும் அதற்கு மேலும் மொத்த எடை கொண்ட டிரெய்லர்களுக்குப் பிரேக் கட்டாயம். படகு டிரெய்லர்களில் பெரும்பாலும் இருப்பது ‘சர்ஜ் பிரேக்’ என்னும் ஹைட்ராலிக் பிரேக். படகை இறக்கும்போது சக்கரங்கள் முழுவதும் நீரில் மூழ்குவதால், மின்சாரப் பிரேக்கைவிட இதையே விரும்புகிறார்கள். இந்தக் கட்டுரை அந்த வகைக்கு மட்டுமே பொருந்தும்.

டிரெய்லரே மிதிக்கும் பிரேக்

காரில் நாம் காலால் மிதிக்கும் வேலையை, இந்த டிரெய்லரில் அதன் சொந்த எடையே செய்கிறது. இறக்கத்தில் மாட்டுவண்டி இறங்கும்போது பின்னாலுள்ள பாரம் நுகத்தடியை மாட்டின் கழுத்தை நோக்கி முன்னே தள்ளுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். இழுக்கும் வண்டி வேகத்தைக் குறைத்தவுடன், பின்னால் வரும் டிரெய்லர் முன்னோக்கித் தள்ளுகிறது. அந்தத் தள்ளுதலில், டிரெய்லரின் முன்முனையில் உள்ள ஆக்சுவேட்டர் என்னும் இரட்டைக் கூட்டில் உள்கூடு வெளிக்கூட்டுக்குள் நழுவி, ஒரு தண்டின் வழியாக மாஸ்டர் சிலிண்டரை அழுத்துகிறது. அங்கிருந்து பிரேக் ஆயில் குழாய் வழியாகச் சக்கரங்களுக்கு அழுத்தத்தைக் கொண்டுசெல்கிறது. இழுக்கும் வண்டி மறுபடி வேகம் எடுத்ததும் உள்கூடு வெளியே இழுக்கப்பட்டு, தண்டு பின்வாங்கி, பிரேக் விடுபட வேண்டும்.

‘விடுபட வேண்டும்’ என்ற அந்த இடத்தில்தான் கோளாறுகளில் மிகப் பெரும்பாலானவை இருக்கின்றன. சமதளத்தில் ஓடும்போதே சூடேறும் பிரேக் என்றால், அது கூடுதலாகப் பிடிக்கும் பிரேக் அல்ல, பிடித்ததை விடாத பிரேக் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனவே நாம் தேட வேண்டியது ஒன்றே ஒன்று: அழுத்தமோ இறுக்கமோ எந்த இடத்தில் சிக்கிக்கொண்டு திரும்பாமல் நிற்கிறது?

மாஸ்டர் சிலிண்டருக்குள் நடக்கும் ஒரு சிறு விஷயத்தை இங்கேயே விளக்கிவிடுகிறேன். பிஸ்டன் முழுமையாகப் பின்வாங்கி நிற்கும்போது, சிலிண்டருக்கும் மேலே உள்ள ஆயில் தொட்டிக்கும் நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை திறந்திருக்கும். ஓட்டத்தில் பிரேக் ஆயில் வெதுவெதுப்பாகி விரியும்போது, மிகுதியான ஆயில் அந்தத் துளை வழியாகத் தொட்டிக்குத் திரும்பிவிடும். துருவினாலோ காய்ந்த கிரீஸினாலோ பிஸ்டன் கால் அங்குலம் முன்னாலேயே நின்றுவிட்டால் துளை மூடிக்கொள்கிறது. அப்போது விரியும் ஆயிலுக்குப் போக வழியில்லை. அது பேடுகள் என்னும் உராய்வுக் கட்டைகளை, சக்கரத்தோடு சுழலும் டிஸ்கின் மீது அழுத்துகிறது. உராய்வால் மேலும் சூடு, சூட்டால் மேலும் விரிவு, விரிவால் மேலும் அழுத்தம் என்று அது தன்னைத்தானே இறுக்கிக்கொண்டே போகும். புறப்பட்டபோது நன்றாக ஓடிய டிரெய்லர், இருபது மைல் கழித்து யாரோ பின்னாலிருந்து இழுப்பதைப் போலக் கனப்பது இதனால்தான்.

சாலையோரத்தில் செய்ய வேண்டியவை

புகையையோ நாற்றத்தையோ கண்டால், போக்குவரத்திலிருந்து நன்றாக விலகிய சமதளமான இடத்தில் நிறுத்துங்கள். சக்கரத்தைக் கையால் தொடக் கூடாது. புறங்கையைச் சில அங்குலத் தொலைவில் காட்டினாலே வெக்கை தெரியும். அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றாதீர்கள். கொதிக்கும் வார்ப்பிரும்பு டிஸ்க் திடீரென்று குளிர்ந்தால் கோணிக்கொள்ளும் அல்லது விரிசல் விடும். நெருப்பு பற்றியிருந்தால் மட்டும் தீயணைப்பானைப் பயன்படுத்துங்கள்; இழுக்கும் வண்டியில் அது எப்போதும் இருக்க வேண்டும். அரை மணி முதல் முக்கால் மணி நேரம் ஆறட்டும்.

காத்திருக்கும் நேரத்தில் ஒன்றைச் சரிபாருங்கள். டிரெய்லர் கொக்கியிலிருந்து கழன்றுபோனால் பிரேக்கைத் தானாகப் பிடிக்கவைக்கும் அவசர இழுகம்பி ஒன்று ஆக்சுவேட்டரிலிருந்து வண்டிக்கு வந்திருக்கும். கூர்மையான திருப்பத்தில் அது எங்கேனும் மாட்டி, ஓரிரு பல் இழுபட்டிருந்தால், நமக்குத் தெரியாமலேயே பிரேக் பாதி பிடித்த நிலையில் ஓடிக்கொண்டிருப்போம். அதன் பூட்டு நாக்கை ஸ்க்ரூடிரைவரால் தூக்கி, பழைய நிலைக்குத் தள்ளிவிட்டால் போதும். இப்படி ஒரு காசு செலவில்லாமல் தீர்ந்த கதைகள் உண்டு என்பதால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

சூட்டை அளந்து எழுதுதல்

நான் செய்த தவறு இந்தக் கட்டத்தில்தான். புகை வந்த சக்கரத்தை மட்டும் பார்த்தேன்; மற்ற மூன்று சக்கரங்களின் அருகே குனியவே இல்லை. உங்கள் கருவிப்பெட்டியில் ஓர் இன்ஃப்ராரெட் வெப்பமானி இருக்கட்டும். சமையலறைக்கு வாங்குவது போன்ற சாதாரணமானதே போதும். நெடுஞ்சாலையில் பத்து மைல் ஓட்டி, கடைசி அரை மைலில் முடிந்தவரை பிரேக்கைத் தொடாமல் வண்டியைத் தானாக வேகம் குறையவிட்டு நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்திலும் இரண்டு இடங்களில் அளவெடுங்கள்: நடுவிலுள்ள ஹப் மூடியில் ஒன்று, உள்ளே தெரியும் டிஸ்கின், அல்லது சில டிரெய்லர்களில் டிஸ்குக்குப் பதிலாக இருக்கும் மூடிய உருளையான டிரம்மின் மேற்பரப்பில் ஒன்று. பளபளக்கும் குரோம் பரப்பில் இந்தக் கருவி குறைத்துக் காட்டும் என்பதால், மங்கலான பரப்பாகப் பார்த்துக் குறிவையுங்கள். எண்களை ஒரு தாளில் சக்கரவாரியாக எழுதிவையுங்கள்.

அந்தத் தாளே பாதி விடையைச் சொல்லிவிடும். எல்லாச் சக்கரங்களும் ஏறக்குறைய ஒரே அளவில் கொதித்தால், கோளாறு எல்லாவற்றுக்கும் பொதுவான முன்பக்கத்தில், அதாவது ஆக்சுவேட்டர், மாஸ்டர் சிலிண்டர், ரிவர்ஸ் வால்வு (பின்னோக்கி எடுக்கும்போது பிரேக் பிடிக்காமல் தடுப்பது) ஆகியவற்றில் ஒன்றில் இருக்கிறது. ஒரே அச்சின் இரு சக்கரங்கள் மட்டும் என்றால், அந்த அச்சுக்குப் பிரியும் ரப்பர் ஹோஸைச் சந்தேகியுங்கள். ஒரே ஒரு சக்கரம் என்றால் கோளாறு அந்தச் சக்கரத்திலேயே இருக்கும். எல்லாமே சூடாகி, ஒன்று மட்டும் மிக அதிகமாகவும் இருந்தால், இரண்டு கோளாறுகள் ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன என்று பொருள்.

இன்னொரு வேறுபாட்டையும் கவனியுங்கள். டிஸ்கைவிட நடு மூடி அதிகமாகச் சூடாகியிருந்தால், அது பிரேக் அல்ல, பேரிங். தீய்ந்த லைனரின் நெடி காரமானது; உருகிய கிரீஸின் நெடி அடுப்பில் கருகும் எண்ணெயைப் போன்றது. இரண்டு முறை முகர்ந்தவர்களுக்கு மூன்றாம் முறை குழப்பம் வராது.

தூக்குதல், சுற்றுதல், திறத்தல்

வீட்டு வாசலில் சமதளமான கான்கிரீட் தரையில் இந்த வேலையைச் செய்யுங்கள். டிரெய்லர் இழுக்கும் வண்டியோடு பூட்டியே இருக்கட்டும். வண்டியின் கை பிரேக்கைப் போட்டு, தூக்காத பக்கச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஜாக்கியால் தூக்கிய பிறகு, அச்சுக்குக் கீழே ஜாக் ஸ்டாண்டை நிறுத்தாமல் எதற்குள்ளும் கையை விடாதீர்கள். கண்ணாடியும் கையுறையும் அணியுங்கள். பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதாமல், ஈரத்துணியால் துடையுங்கள்.

சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். டிஸ்க் பிரேக் என்றால் பேடு லேசாக உரசும் ‘சர்ர்’ ஓசையோடு இரண்டு மூன்று சுற்றாவது போக வேண்டும். டிரம் பிரேக்குகளில் பின்னோக்கிச் சுற்றினால் தானாக விடுபடும் வகை பரவலாக இருப்பதால், எப்போதும் முன்னோக்கி மட்டுமே சுற்றிச் சோதியுங்கள். சக்கரம் தளர்வாக இருந்தால், மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பேரிங்கில் அசைவோ கரகரப்போ இருக்கிறதா என்று பாருங்கள். கடினமாகச் சுற்றினாலோ சுற்றவே மறுத்தாலோ, இந்தக் கட்டுரையில் நான் மிக முக்கியமாகக் கருதும் சோதனைக்கு வந்துவிட்டீர்கள்.

கேலிப்பரின் மேல்பக்கத்தில், அல்லது டிரம்முக்குப் பின்னால், ரப்பர் தொப்பி போட்ட ஒரு சிறு நிப்பிள் இருக்கும். பிரேக்கில் காற்று எடுக்கப் பயன்படுவது அதுதான். அதில் ஒரு தெளிவான பிளாஸ்டிக் குழாயைச் செருகி, மறுமுனையை ஒரு பாட்டிலுக்குள் விட்டு, சரியான அளவு ஸ்பேனரால் கால் சுற்று மட்டும் திறங்கள். துருப்பிடித்த நிப்பிள் உடைந்துபோகும் என்பதால் முந்தின நாளே துரு நீக்கும் திரவம் போட்டு ஊறவிடுவது நல்லது. திறந்த கணத்தில் குழாய்க்குள் ஆயில் சட்டென்று ஒரு விரற்கடை தூரம் பீய்ச்சி, அதே கணத்தில் சக்கரம் கையில் இளகினால், மேலே எங்கோ அழுத்தம் சிக்கியிருக்கிறது. கேலிப்பரைக் குறை சொல்ல வேண்டியதில்லை. மாறாக, ஆயில் சோம்பலாக ஒரு சொட்டுச் சொட்டி நிற்க, சக்கரம் முன்போலவே இறுகியிருந்தால், அழுத்தம் ஏதும் இல்லை. கேலிப்பரோ லைனரோ துருவால் பிடித்துக்கொண்டிருக்கிறது. இந்த அரை நிமிடச் சோதனை, எந்தப் பொருளை வாங்க வேண்டும் என்பதைவிட எதை வாங்க வேண்டாம் என்பதைத் தெளிவாகச் சொல்லும். நான் வீணாகக் கழற்றிய அந்த இரண்டு பழைய கேலிப்பர்களும் இன்றும் என் கராஜ் அலமாரியில் இருக்கின்றன.

அழுத்தம் சிக்கிய இடத்தைத் தேடிச் செல்லுதல்

நிப்பிளை மூடிவிட்டு, மறுபடி அழுத்தம் கொடுங்கள். பல ஆக்சுவேட்டர்களில், உள்ளே தெரியும் தள்ளுதண்டை நீண்ட ஸ்க்ரூடிரைவரால் நெம்பி மாஸ்டர் சிலிண்டரை இயக்க முடியும். நெம்பி விட்டதும் சக்கரம் மறுபடி இறுகி நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால், இம்முறை நிப்பிளைத் தொடாமல், அந்தச் சக்கரத்துக்கு வரும் ரப்பர் ஹோஸின் மேல்முனை இணைப்பைச் சற்றே தளர்த்துங்கள். சக்கரம் விடுபடவில்லை என்றால் ஹோஸின் உட்சுவர் வீங்கி அடைத்திருக்கிறது. வெளியே பார்வைக்குப் புதிது போலவே இருக்கும் ஹோஸ், உள்ளே ஒருவழிக் கதவைப் போல வேலை செய்யும்: தள்ளும் அழுத்தத்தை விடும், திரும்பும் ஆயிலை விடாது. சக்கரம் விடுபட்டால் ஹோஸ் நல்லது; இன்னும் மேலே போங்கள். இப்படியே ஒவ்வோர் இணைப்பாக முன்னேறி, எந்த இணைப்பைத் தளர்த்தும்போது சக்கரம் முதன்முதலாக இளக மறுக்கிறதோ, அதற்கும் முந்தைய இணைப்புக்கும் இடையில்தான் அடைப்பு இருக்கிறது. மாஸ்டர் சிலிண்டரின் வாய் வரை இளகிக்கொண்டே வந்தால், குற்றவாளி மாஸ்டர் சிலிண்டரோ அதைத் தள்ளும் தண்டோதான்.

வழியில் டிஸ்க் பிரேக் டிரெய்லர்களில் ரிவர்ஸ் வால்வு குறுக்கிடும். பின்னோக்கி எடுக்கும்போதும் டிரெய்லர் ஆக்சுவேட்டரை அழுத்தும் என்பதால், அந்த நேரத்தில் ஆயிலைத் தடுத்து நிறுத்த மின்காந்த வால்வு ஒன்றை வைத்திருப்பார்கள். வண்டியையும் டிரெய்லரையும் இணைக்கும் ஐந்து முனைப் பிளக்கின் ஐந்தாவது வயர், பெரும்பாலும் நீல நிறம், வண்டியின் ரிவர்ஸ் விளக்கிலிருந்து அதற்கு மின்சாரம் கொண்டுவருகிறது. ஒருவரை வண்டியில் உட்காரவைத்து, பிரேக்கை அழுத்தியபடியே ரிவர்ஸ் கியரில் போட்டு எடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் வால்வில் ‘டக்’ என்ற ஓசை தெளிவாகக் கேட்க வேண்டும். நீர் புகுந்து உள்ளே துருவேறிய வால்வு மூடிய நிலையிலேயே நின்றுவிட்டால், சக்கரத்தின் பக்கம் உள்ள அழுத்தம் திரும்பி வர வழியிராது. வால்வுக்கு முன்னால் தளர்த்தினால் சக்கரம் இளகாமல், பின்னால் தளர்த்தினால் மட்டும் இளகுவது இதன் அடையாளம்.

ஆக்சுவேட்டரை ஆராயும்போது முதலில் அது நழுவுகிறதா என்று பாருங்கள். வெளிக்கூட்டின் விளிம்பில் உள்கூட்டின் மீது சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். ரிவர்ஸ் வயரைக் கழற்றிவிட்டு, டிரெய்லர் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வண்டியை மிக மெதுவாகப் பின்னால் தள்ளினால் கோடு உள்ளே போக வேண்டும். முன்னால் இழுத்தால் அதே கோடு பழைய இடத்துக்கு வெளியே வர வேண்டும். பாதியில் நின்றால், கூட்டுக்குள் துருவோ, வறண்ட உருளைகளோ, தேய்ந்த பட்டைகளோ, அதிர்வைத் தணிக்கும் டேம்பர் இறுகியோ இருக்கிறது. சுத்தம் செய்து, தயாரிப்பாளர் சொன்ன இடங்களில் கிரீஸ் வைத்தாலே பல நேரம் சரியாகிவிடும். டிரெய்லர் முன்பக்கம் தாழ்ந்து குனிந்தபடி ஓடினாலும் கூடுகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். எனவே வண்டியில் டிரெய்லரை மாட்டும் பந்தின் உயரத்தை மாற்றி, டிரெய்லர் தரைக்குச் சமமாக நிற்கும்படி செய்யுங்கள். ஆயில் தொட்டியை விளிம்பு வரை நிரப்பாமல் சுமார் அரை அங்குலம் இடம் விடுங்கள். மூடியில் உள்ள காற்றுத் துளை அடைபட்டிருந்தாலும், விரியும் ஆயில் தொட்டியிலேயே அழுத்தத்தை உண்டாக்கும்.

இனி, என்னை மூன்று பயணம் அலையவைத்த காரணம். டிரம் பிரேக்குக்கான மாஸ்டர் சிலிண்டரின் வாயில், சதுர அங்குலத்துக்குச் சுமார் 10 பவுண்டு அழுத்தத்தை எப்போதும் குழாயில் தக்கவைக்கும் ஒரு சிறு வால்வு இருக்கும். டிரம்மில் லைனர்களைப் பின்னுக்கு இழுக்க வலுவான ஸ்பிரிங்குகள் இருப்பதால், அந்த அழுத்தம் அங்கே தீங்கு செய்யாது. டிஸ்க் பிரேக்கில் அப்படிப்பட்ட ஸ்பிரிங் கிடையாது. பிஸ்டன் சீலின் நெகிழ்ச்சி மட்டுமே பேடை மயிரிழை அளவு விலக்குகிறது. அங்கே 10 பவுண்டு என்பது ஓயாமல் பிடித்திருக்கும் பிரேக். டிரெய்லரை எனக்கு விற்றவர், அதற்கு முந்தைய ஆண்டில் ஒரு பட்டறையில் ஆக்சுவேட்டரை மாற்றியிருந்தார். நான்கு சக்கரத்திலும் டிஸ்க் இருந்த டிரெய்லருக்கு அங்கே டிரம் வகையைப் பொருத்திவிட்டார்கள். பக்கவாட்டில் ஒட்டியிருந்த பட்டையில் அது எந்த வகை என்று அச்சிட்டே இருந்தது. மேலே படிந்த சேற்றைத் துடைத்துப் படிக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பழைய டிரெய்லரை வாங்குபவர்கள் அந்தப் பட்டையை முதல் நாளே படித்துவிடுங்கள். டிரம்மிலிருந்து டிஸ்குக்கு மாற்றியவர்களும் இந்த வால்வை மறந்துவிடுவதுண்டு.

சக்கரத்திலேயே கோளாறு என்றால்

டிஸ்க் வகையில், கேலிப்பர் நழுவும் இரண்டு பின்களைக் கழற்றிப் பாருங்கள். நல்ல பின் விரலால் தள்ளினாலே போகும். உப்பு நீரில் இறங்கும் டிரெய்லரில் அது பழுப்பேறி, வழுவழுப்பு போய், கரடுமுரடாக இருக்கும். அப்போது வெளிப்பக்கப் பேடு தடிமனாகவும் உள்பக்கப் பேடு தகடாகவும் தேய்ந்திருப்பதைக் காண்பீர்கள். சுத்தம் செய்து சிலிக்கான் பிரேக் கிரீஸ் பூசுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை வீங்கவைக்கும். நிப்பிளைத் திறந்துவைத்துக்கொண்டு ‘சி’ கிளாம்ப்பால் பிஸ்டனை உள்ளே தள்ளுங்கள். சீராகப் போனால் நல்லது. முரண்டு பிடித்தால் அந்தக் கேலிப்பரை மாற்றுங்கள், அதே அச்சின் மறுபக்கத்தையும் சேர்த்தே மாற்றுவது என் வழக்கம். டிஸ்க் நீலம் பாய்ந்திருந்தாலோ நுண்விரிசல் தெரிந்தாலோ அதையும் மறுபடி பயன்படுத்தாதீர்கள்.

டிரம் வகையில் உடைந்த ஸ்பிரிங், துருவில் சிக்கிய வீல் சிலிண்டர், அளவுக்கு மீறி இறுக்கிய லைனர் ஆகிய மூன்றே காரணங்கள் பெரும்பாலும் இருக்கும். மூன்றாவதற்குப் பின்னாலுள்ள துளை வழியாக நட்சத்திரத் திருகைத் தளர்த்தி, சக்கரம் தடையின்றிச் சுற்றும்வரை விட்டால் போதும்.

காரணம் எதுவாக இருந்தாலும், ஒருமுறை கடுமையாகச் சூடேறிய சக்கரத்தின் பேரிங்கைப் பிரித்துப் பாருங்கள். கிரீஸ் உருகி ஓடியிருக்கும், உள்பக்கச் சீல் விறைத்துப்போயிருக்கும். புதுச் சீல் போட்டு, நீர் தாங்கும் கிரீஸை நிரப்புங்கள்.

‘ஆயில்’ என்ற பெயர் செய்யும் கேடு

நம் ஊர் ஒர்க்‌ஷாப்களில் ‘பிரேக் ஆயில்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். நானும் இந்தக் கட்டுரை முழுவதும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் டாட் 3, டாட் 4 என்று விற்கப்படும் இந்தத் திரவம் எண்ணெய் வகையே அல்ல, கிளைக்கால் வகை. தொட்டி குறைந்திருக்கிறதே என்று எஞ்சின் ஆயிலையோ கியர் ஆயிலையோ ஒரு கரண்டி ஊற்றினாலும், அமைப்பு முழுவதிலும் உள்ள ரப்பர்கள் உப்பி, பிஸ்டன்கள் திரும்ப முடியாமல் நின்றுவிடும். அப்படி நேர்ந்தால் கழுவித் தப்பிக்க முடியாது. ரப்பர் உள்ள எல்லாவற்றையும் மாற்றித்தான் ஆக வேண்டும்.

இந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக்கூடியது. தரநிர்ணயத்தின்படி, புதிய டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், 3.7 விழுக்காடு நீர் கலந்தபின் அந்த எல்லை 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4 திரவத்துக்கு இதே அளவுகள் 230, 155 டிகிரி. கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ்கள் உண்டாகி, தேவைப்படும் நேரத்தில் பிரேக் பிடிக்காது. ஆகவே சூடேறிய பிரேக்கைச் சரிசெய்தபின் பழைய திரவத்தை முழுவதும் வெளியேற்றுங்கள். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்கி, தண்டை நெம்பி அழுத்தத்தை நிலைநிறுத்தியபடியே நிப்பிளைத் திறந்து மூடி, தேநீர் நிறத்துத் திரவம் போய்த் தெளிந்த திரவம் குமிழின்றி வரும்வரை தொடருங்கள். நடுவில் தொட்டி வற்றினால் காற்று புகுந்து, முதலிலிருந்து தொடங்க நேரிடும். படகின் மீதோ டிரெய்லர் பெயின்ட் மீதோ சிந்தினால் உடனே தண்ணீரால் கழுவுங்கள்.

மலை இறக்கம் மட்டும் காரணமாக இருந்தால்

எல்லாம் சரியாக இருந்தும் மலையில் மட்டும் சூடேறுவதுண்டு. அதன் கணக்கைப் பாருங்கள். இன்டர்ஸ்டேட் 80 டோனர் உச்சியில் 7,239 அடி, அதாவது ஏறக்குறைய 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சாக்ரமெண்டோ கடல்மட்டத்துக்குச் சில மீட்டர்களே மேலே. படகு, எஞ்சின், பெட்ரோல் எல்லாம் சேர்த்து 5,000 பவுண்டு எடையுள்ள டிரெய்லர் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் சுமார் 13.5 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். 1,500 வாட் கெட்டிலை ஒன்பது மணி நேரம் ஓடவிட்டதைப் போல. காற்றும் டயரும் வண்டியின் எஞ்சினும் அதில் பெரும்பங்கைத் தாங்கிக்கொள்கின்றன; மிச்சம் பிரேக்கில் வெப்பமாகிறது.

சர்ஜ் பிரேக்கை ஓட்டுநர் தனியே இயக்கவோ விடுவிக்கவோ முடியாது. எஞ்சினை மட்டும் வைத்து வேகத்தைக் கட்டுப்படுத்தினாலும், பின்னால் டிரெய்லர் தள்ளிக்கொண்டே இருப்பதால் அதன் பிரேக் லேசாகப் பிடித்தபடிதான் இருக்கும். நம்மால் செய்யக்கூடியவை இரண்டு. உச்சியிலேயே கியரைக் குறைத்து, மெதுவாக இறங்குவது ஒன்று. ஒரே உயரத்துக்கான வெப்பம் நீண்ட நேரத்தில் பரவி வெளியேறும். கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுப்பவர்களுக்கு வேக வரம்பே மணிக்கு 55 மைல்தான். இறக்கத்தில் அதற்கும் கீழே போவதில் கூச்சம் வேண்டாம். மற்றொன்று, காலை விடாமல் பிரேக்கில் வைத்திருக்காமல், உறுதியாக ஒருமுறை அழுத்தி வேகத்தைக் குறைத்து விட்டுவிட்டு, இறக்கம் தணியும் இடங்களில் ஆக்சிலரேட்டரை மெல்லத் தொடுவது. அந்தக் கணத்தில் ஆக்சுவேட்டர் நீண்டு பிரேக் முழுவதும் விடுபட்டு ஆறும். அப்படியும் சூடு மிகுந்தால் ஓய்விடத்தில் நிறுத்திவிடுங்கள்.

ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்த உடனேயே டிரெய்லரைத் தண்ணீரில் இறக்குவதையும் தவிருங்கள். சூடான ஹப் குளிர்ந்த நீரில் மூழ்கினால், உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீலின் இடுக்கு வழியாக நீரை உறிஞ்சிக்கொள்ளும். படகைக் கட்டுவது, லைஃப் ஜாக்கெட்டுகளை எடுத்துவைப்பது போன்ற வேலைகளை முதலில் முடித்தால், ஹப் ஆறுவதற்கு விடும் கால் மணி நேரம் வீணாகாது. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவின் உப்பு நீரிலிருந்து வந்தால் அன்றே நல்ல தண்ணீரால் கேலிப்பர்களையும் ஆக்சுவேட்டரையும் கழுவுங்கள். கழுவிய பிறகு சிறிது தூரம் ஓட்டினால் டிஸ்க் உலர்ந்துவிடும்.

சோதனை ஓட்டம்

பழுது பார்த்தபின் முதல் ஓட்டம் சமதளமான சாலையில் ஐந்து மைலுக்கு மேல் வேண்டாம். நிறுத்தி நான்கு சக்கரங்களையும் அளந்து, முன்பு எழுதிய தாளிலேயே பக்கத்தில் எழுதுங்கள். வேறுபாடு இல்லையென்றால் இருபது மைல் ஓட்டி மறுபடி அளந்து பாருங்கள். திரவம் விரிவதால் வரும் இறுக்கம் இந்த இரண்டாவது ஓட்டத்தில்தான் வெளிப்படும். கழற்றிப் பூட்டிய சக்கரங்களின் நட்டுகளை டார்க் ரெஞ்சால், உரிமையாளர் கையேட்டில் உள்ள அளவுக்கு, முதல் 50 மைலுக்குள் மறுபடி இறுக்குங்கள். மலைக்கு அதன் பிறகே புறப்படுங்கள்.

சரியான மாஸ்டர் சிலிண்டரைப் போட்ட பிறகு, அதே டோனர் உச்சியிலிருந்து இறங்கி, கோல்ஃபாக்ஸ் ஊரில் பெட்ரோல் போட நிறுத்தியபோது என் டிரெய்லரை அளந்தேன். நான்கு டிஸ்குகளும் 88 டிகிரிக்கும் 97 டிகிரி செல்சியஸுக்கும் இடையில் இருந்தன. ஹப் மூடிகளில் கை வைக்க முடிந்தது. அந்தத் தாள் இப்போது படகின் சிறு அறைக்குள் பிளாஸ்டிக் உறையில் இருக்கிறது. ஒவ்வொரு நெடும்பயணத்திலும் புதிய வரிசை ஒன்றை அதில் சேர்த்துவருகிறேன்.